ஓவர்நைட் ஓட்ஸ்: எந்த ஓட்ஸ், எந்தப் பால், எந்த நட் பட்டர்?

ஓவர்நைட் ஓட்ஸ் என்பது ஓட்ஸை அடுப்பில் வைக்காமல் பாலிலோ தயிரிலோ கலந்து, இரவு முழுக்க ஃப்ரிஜ்ஜில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடுவது. அது களி மாதிரி ஆகிவிட்டது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஓட்ஸ் பாக்கெட்டில் எத்தனை நிமிடத்தில் வேகும் என்று போட்டிருக்கிறது என்பதுதான். நட் பட்டரில் (கடலை, பாதாம் போன்றவற்றை அரைத்த விழுது) பீனட் பட்டரா பாதாம் பட்டரா, பாலா தயிரா என்ற விவாதமெல்லாம் அதற்குப் பிறகு. ஓட்ஸ் தவறான ரகமாக இருந்தால் அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பாதாம் பட்டரைப் போட்டாலும் காலையில் பாட்டிலைத் திறக்கும்போது கரண்டி நிற்கும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை அளவு வேண்டும். இந்த அலசல் முழுக்க ஒருவருக்கான அளவு இது: ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 120 மி.லி., கெட்டித் தயிர் 30 கிராம், பீனட் பட்டர் 16 கிராம் (தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி), உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விடாதீர்கள், அது இல்லாத ஓட்ஸ் எவ்வளவு இனிப்புப் போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். டம்ளர் கணக்கை நம்பவும் வேண்டாம். அதே டம்ளரில் மெல்லிய செதில்கள் நெருக்கமாக அடங்கி எடை கூடும். தடித்த செதில்கள் குறைவாக அடங்கும். சமையலறைத் தராசு இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

ரோல்டு, க்விக், ஸ்டீல் கட்

வேகவைக்காமல் சாப்பிடுகிறோமே, பச்சைத் தானியம் அல்லவா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. உமி நீக்கிய ஓட்ஸ் மணியில் கொழுப்பும், அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியும் இருக்கின்றன. நொதியை அப்படியே விட்டால் சில நாட்களிலேயே கசந்து சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், ஆலையிலேயே நீராவியில் சூடாக்கி உலர்த்திவிடுகிறார்கள். ஆகவே கடையில் வாங்கும் ஓட்ஸ் ஏற்கெனவே வெப்பம் கண்டதுதான்.

ரோல்டு ஓட்ஸ் என்பது முழு மணியை ஆவியில் மென்மையாக்கி உருளைகளுக்கு இடையே தட்டையாக அழுத்தியது. க்விக் ஓட்ஸுக்கு மணியை முதலில் துண்டுதுண்டாக வெட்டி, பிறகு இன்னும் மெல்லியதாக அழுத்துவார்கள். இன்ஸ்டன்ட் அதைவிடவும் மெல்லியது, முன்பே வெந்ததும்கூட. ஸ்டீல் கட் வெறுமனே வெட்டிய துண்டுகள், அழுத்தவே இல்லை.

நம் ஊர் மளிகைக் கடைகளில் ‘ஓட்ஸ்’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மூன்று நிமிடத்தில் வேகும் க்விக் ரகம். ஓவர்நைட் ஓட்ஸ் செய்முறைகளோ அநேகமாக ரோல்டு ஓட்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ரோல்டு செதில் 6 முதல் 8 மணி நேரத்தில் பாலைக் குடித்து மென்மையாகும். ஆனால் வடிவம் கெடாது, வாயில் லேசாக மெல்ல இருக்கும். மூன்றாம் நாளும் சாப்பிடலாம். க்விக் செதிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். பரப்பு கூடுதல், தடிமன் குறைவு. எனவே ஓட்ஸின் கரையும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் வேகமாகப் பாலில் கலந்து எல்லாவற்றையும் பிசுபிசுப்பாக்கிவிடுகிறது. வீட்டில் க்விக் ஓட்ஸ்தான் இருக்கிறது என்றால் இரவு வேலையே வேண்டாம்: காலையில் எழுந்ததும் கலந்து ஃப்ரிஜ்ஜில் வைத்து, 30 நிமிடம் கழித்துச் சாப்பிடலாம். இரவே செய்தாக வேண்டுமென்றால் பாலை 70 மி.லி. ஆகக் குறைத்து, தயிரை 80 கிராம் ஆக்குங்கள். கெட்டித் தயிரில் செதில் உறிஞ்சக்கூடிய நீர் எளிதில் கிடைக்காது, குழைவதும் மட்டுப்படும். இரண்டு ரகத்துக்கும் பொதுவான விதி ஒன்று: கலந்தபின் மறுபடி மறுபடி கிளறக் கூடாது. கிளறக் கிளறச் செதில் உடைந்து மாவு வெளியே வரும்.

ஸ்டீல் கட் ஓட்ஸ் 12 மணி நேரம் ஊறினாலும் நடுவே நறுக்கென்று இருக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஊறவைத்தால் சரியாகிவிடும் என்பது உண்மை. அப்புறம் சமைக்காத உணவு என்று எதற்குச் சொல்வது? அதை அடுப்புக்கே விட்டுவிடலாம். மசாலா ஓட்ஸ் பாக்கெட் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் உப்பும் மிளகாயும் ஏற்கெனவே இருக்கின்றன.

பாலா, தயிரா, தண்ணீரா

சூரிச் நகரத்து மருத்துவர் மாக்சிமிலியான் பிர்ஷர்-பென்னர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவுதான் இதற்கெல்லாம் முன்னோடி. ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, கன்டென்ஸ்டு மில்க், தோலோடு துருவிய ஒரு பெரிய ஆப்பிள், பொடித்த ஹேசல்நட் அல்லது பாதாம் சேர்ப்பார்கள். அங்கே ஆப்பிள்தான் பிரதானம், ஓட்ஸ் துணைக்கு. இன்றைய பாட்டில் ஓட்ஸில் கணக்கு தலைகீழ். 40 கிராம் ஓட்ஸை வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் பசை போலத்தான் இருக்கும். அவ்வளவு பழமும் பருப்பும் சேர்ந்தால்தான் தண்ணீர் எடுபடும்.

பாலில் கொழுப்பு எவ்வளவு என்பது சுவையைத் தீர்மானிக்கிறது. ஆவின் நீல பாக்கெட் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. பீனட் பட்டரே கொழுப்பைக் கொண்டுவருவதால் நீலமே போதும். ஆரஞ்சுப் பாலும் பட்டரும் சேர்ந்தால் ஃப்ரிஜ் குளிரில் நாக்கில் ஒரு படலம் ஒட்டும். எந்தப் பாலானாலும் ஏட்டை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த ஓட்ஸில் ஏடு கிடைப்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

தயிர் மட்டும் ஊற்றினால் கெட்டியாக, புளிப்பாக, மாம்பழத்தோடு மிக நன்றாக இருக்கும். ஆனால் வீட்டுத் தயிர் ஃப்ரிஜ்ஜிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டே போகும். முதல் நாள் அருமை, மூன்றாம் நாள் பீனட் பட்டரின் வறுத்த மணத்தையே அது விழுங்கிவிடும். எனவே ஞாயிறு இரவே மூன்று நாளைக்குச் செய்துவைப்பவர்களுக்குப் பால்தான் அடிப்படை. தயிர் இரண்டு கரண்டி, அதுவும் புதியதாக. புரதம் கூட வேண்டும் என்பவர்கள் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் போடலாம்.

பால் சாப்பிடாதவர்களுக்குச் சோயா பால்தான் முதல் தேர்வு. 100 மி.லி.க்கு 3 கிராம் அளவில் புரதம், பாலுக்குச் சமமாக. பாக்கெட்டில் வரும் பாதாம் பாலில் பாதாம் சில சதவீதம்தான், மீதி தண்ணீர். அதை ஊற்றுவதைவிடத் தண்ணீரில் அரைக்கரண்டி நட் பட்டரைக் கரைத்து ஊற்றுவது மேல், செலவும் குறைவு. தேங்காய்ப் பால் ஆசை காட்டி ஏமாற்றும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், முதல் பாலை ஊற்றினால் காலையில் மெழுகுத் துணுக்குகள் போல வெள்ளையாக மிதக்கும். வேண்டுமென்றால் இரண்டாம் பாலை ஊற்றி, மறுநாள் காலையே தீர்த்துவிட வேண்டும். புதிதாகப் பிழிந்து சூடாக்காத தேங்காய்ப் பால் அதற்கு மேல் தாங்காது.

பீனட், பாதாம், முந்திரி, எள்

பாட்டில் பீனட் பட்டரில் இரண்டு வகை. ‘நேச்சுரல்’ என்பதில் வேர்க்கடலை மட்டும், சிலவற்றில் உப்பும். மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும். மற்றதில் எண்ணெய் பிரியாமலிருக்க ஹைட்ரஜனேற்றிய எண்ணெயோ பாமாயிலோ சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் சர்க்கரையும். ரொட்டியில் தடவ இரண்டாவது சுகம். ஓட்ஸில் முதலாவதுதான் நல்லது. காரணம் எளிது: நேச்சுரல் பட்டர் தளர்வாக இருப்பதால் பாலில் கரைகிறது, இரண்டாவது குளிரில் இறுகிக் கட்டிகட்டியாக நிற்கும். இனிப்பும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். நேச்சுரல் பாட்டிலைத் திறக்கும் முன் ஒருநாள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பிறகு அடிவரை கலக்குங்கள். மேலாக எண்ணெயை மட்டும் வழித்துச் செலவழித்தால் அடியில் மிஞ்சுவது காய்ந்த சிமெண்ட்.

இந்த வேலைக்கு வீட்டில் அரைத்ததே தாராளம். 250 கிராம் வேர்க்கடலையைக் குறைந்த தீயில் தோல் வெடித்துக் கழலும் வரை வறுத்து, சற்று ஆறியதும் தோலை ஊதிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சிறிய ஜாரில் பாதி அளவு போட்டு அரைக்க வேண்டும். அரை நிமிடம் ஓட்டு, நிறுத்து, ஓரத்தை வழி. முதலில் பொடி, அடுத்து பிளேடைச் சுற்றி உருண்டை; இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து தண்ணீர் விடுகிறார்கள். ஒரு சொட்டும் விடக் கூடாது. எண்ணெய் இன்னும் வெளிவரவில்லை, அவ்வளவுதான். மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து இன்னும் சில முறை ஓட்டினால் இளகிவிடும். பிளேடு சிக்கிக்கொண்டால் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது என்று தோன்றும் கடலைகளை வறுக்கும் முன்பே பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுப்பதால் முழுமையாகப் போய்விடாது.

இதைவிடவும் சோம்பேறித்தனமான வழி உண்டு, அது மோசமும் இல்லை. பொடியாகும் கட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். காரம் சேர்க்காத அந்தப் பொடியை 16 கிராம் போட்டு ஊறவைத்தால், காலையில் பட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. லேசான நறநறப்பு இருக்கும். அது குறையா சிறப்பா என்பது ஆளைப் பொறுத்தது.

பாதாம் பட்டர் மணத்தில் மென்மையானது, விலையில் அல்ல. 100 கிராமுக்குப் புரதம் சுமார் 21 கிராம், வேர்க்கடலையிலோ 25. ‘பாதாம்தான் சத்து’ என்று நினைத்து மாற்றுபவர்கள் புரதத்தைக் குறைத்துக்கொண்டு காசைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பாதாமின் பலம் வைட்டமின் ஈ. வீட்டு மிக்ஸியில் அது இளக வேர்க்கடலையைவிட வெகுநேரம் எடுக்கும். தோல் உரிக்க ஊறவைத்த பாதாமைக் காயவைக்காமல் போட்டால் பட்டர் ஆகவே ஆகாது, சட்னிதான்.

முந்திரி சீக்கிரம் அரைபடும், இயல்பாகவே இனிக்கும். மற்றவற்றைவிட அதில் மாவுச்சத்து அதிகம், எனவே ஓட்ஸ் இன்னும் கெட்டியாகும். பாலை 15 மி.லி. கூட்டுங்கள். ஏலக்காயோடு பாயசத்தின் சாயல் வரும். குழந்தைகளுக்கு இதுதான் எளிதில் பிடிக்கிறது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் வெள்ளை எள்ளை அரைத்து இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம், ஆனால் எள்ளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. தோல் நீக்காத எள் கசக்கும். பேரீச்சையோடு போனால் கசப்பு அடங்கும்.

இரவே கலப்பதா, காலையில் மேலே போடுவதா

இரண்டுக்கும் ருசி வேறு. காலையில் மேலே போட்டால் பட்டரின் மணம் தனியாகத் தெரியும், கரண்டிக்குக் கரண்டி சுவை மாறும். இரவே கலந்தால் ஓட்ஸ் முழுக்க ஒரே சீராக, கிரீம் போல இருக்கும். என் ஓட்டு இரவுக்கே, ஆனால் வரிசை முக்கியம். ஓட்ஸில் நேராகப் பட்டரைப் போட்டுப் பிசைந்தால் எண்ணெய் செதிலைப் போர்த்திவிடும். அந்த இடம் காலையிலும் உலர்ந்தே இருக்கும். மூன்று கரண்டி வெதுவெதுப்பான பாலில் பட்டரை முதலில் கரையுங்கள். முதல் கரண்டியில் கரைவதற்குப் பதில் திரிந்ததுபோல் இன்னும் கெட்டியாகும், கடலைத் துகள்கள் கிடைத்த கொஞ்ச நீரையும் உறிஞ்சுவதால். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த கரண்டிகளில் வழவழப்பாகும். மீதிப் பாலைக் குளிர்ச்சியாகச் சேர்த்து, கடைசியில் தயிர், உப்பு, ஓட்ஸ்.

சியா விதை ஒரு தேக்கரண்டி சேர்த்தால் பால் 40 மி.லி. கூட வேண்டும். சப்ஜா அதற்கு மாற்று என்று பலர் போடுகிறார்கள். கெட்டியான கலவையில் அது சரியாக உப்பாது. தனியாகத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் காலையில் கலப்பதே சரி.

பழங்களில் வாழைப்பழம் வெட்டி வைத்தால் கறுக்கும், மசித்தால் நிறம் மங்கினாலும் இனிப்பு பரவும். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் இரவே போடாதீர்கள். அவற்றின் நொதிகள் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். காலையில் போட்டு உடனே சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. இனிப்புக்குக் கொட்டை நீக்கிய இரண்டு பேரீச்சை, அல்லது வடிகட்டி நன்கு ஆறிய வெல்லப்பாகு ஒரு தேக்கரண்டி. பாகு சூடாக இருந்தால் பால் திரியும்.

அடிப்படை அளவில் பழமும் இனிப்பும் சேர்க்காமல் சுமார் 330 கலோரி, 13 அல்லது 14 கிராம் புரதம் வரும். பட்டரை இரண்டு கரண்டி ஆக்கினால் இன்னும் ஒரு 95 கலோரி. எடை குறைக்க ஓட்ஸுக்கு மாறியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஃப்ரிஜ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். 5 டிகிரிக்கு மேல் கிருமிகள் பெருகத் தொடங்கும். நம் கோடை இரவில் அடுப்பு மேடை 28, 30 டிகிரியில் இருக்கும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்பக்கம் வையுங்கள். பால் சேர்த்தது மூன்று நாள், பழம் கலந்தது ஒரு நாள். அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் ஐஸ் பேக் வைத்த பையில், இல்லையென்றால் கிளம்பிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.