ரெண்டாவது சிசேரியன்: வேளச்சேரில ஒரு சின்ன நர்சிங் ஹோம், என் அனுபவம்

முதல் பிரசவம் 2020ல தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில, ரெண்டாவது போன மாசம் வேளச்சேரில, ரெண்டுமே சிசேரியன். பேரு எதுக்கும் போடல. மறுபடியும் சிசேரியன்தான்னு சொல்லிட்டாங்களேன்னு பயந்துட்டிருக்கவங்க இருப்பீங்க, அவங்களுக்குத்தான் இது.

இங்க டாக்டரம்மா முதல் நாளே கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. அதுல எல்எஸ்சிஎஸ்னு (சிசேரியனுக்கு டாக்டருங்க எழுதற சுருக்கம்) ஒத்த வரிதான் இருந்துச்சு. "உள்ள எப்படி வெட்டினாங்க, எப்படித் தைச்சாங்கன்னு இல்லையேம்மா"ன்னாங்க. வெளித்தழும்பு படுக்கையா இருந்தா கர்ப்பப்பையிலயும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தேன், அப்படி அவசியமே இல்லையாம், உள்ள மேல்பாகத்துல நெடுக்க வெட்டியிருந்தா வலி வர்ற வரைக்கும் காத்திருக்கறதே ஆபத்தாம். ஆபரேஷன் விவரமெல்லாம் எழுதியிருக்கற பழைய கேஸ் ஷீட்டுக்காக எங்க வீட்டுக்காரர் தாம்பரத்துக்கு மூணு தடவ அலைஞ்சாரு, இன்னிக்கும் எனக்கு அந்தக் கோவம் போகல.

அப்புறம் வயித்துல எப்படியெல்லாம் வெட்டுவாங்கன்னு மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டே காட்டினாங்க. ஃபேனன்ஸ்டீல்னா கீழ வளைஞ்ச கோடு, ஜோயல் கோஹன்னா அதுக்கு கொஞ்சம் மேல நேர்கோடு, நடுவுல மட்டும் வெட்டிட்டு மீதிய விரலாலயே விரிப்பாங்க, சீக்கிரம் முடியும், ரத்தமும் கம்மி. ஆனா ரெண்டாவது தடவைன்னா சதையெல்லாம் தழும்பேறி இறுகியிருக்கும், விரலுக்கு லேசுல பிரியாது, அதனால பழைய தழும்பையே எடுத்துட்டு அதே இடத்துல கத்தரியால நிதானமா போறேன், மூத்திரப்பை மேல ஏறி ஒட்டியிருந்தா அதை கீழ இறக்கறதுதான் முக்கியமான வேலைன்னாங்க.

கர்ப்பப்பைக்கு ஒரு அடுக்கு தையலா ரெண்டு அடுக்கான்னு நான் கேட்டதுக்கு, கொரோனிஸ்னு இந்தியா உட்பட ஏழு நாட்டுல பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2016ல வந்த மூணு வருஷ ரிசல்ட்டுலயும் பெரிய வித்தியாசம் தெரியல, இருந்தாலும் நான் ரெண்டு அடுக்குதான் போடுவேன்னு ஒளிவுமறைவில்லாம சொன்னாங்க. எனக்கு அந்த பதில் ரொம்ப பிடிச்சுது.

ஆபரேஷன் அன்னிக்கு ஸ்பைனல் (இடுப்புக்குக் கீழ மரத்துப்போக முதுகுல போடற ஊசி) போடும்போது சிஸ்டர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஒட்டியிருக்கும்மா, கொஞ்சம் நேரமாகும், பயப்படாத"ன்னு திரைக்கு அந்தப் பக்கத்துலருந்து டாக்டர் குரல். அந்த ஒரு வார்த்தைக்கே அவங்களுக்கு கோடி புண்ணியம். முதல் தடவ யாரும் எங்கிட்ட பேசவே இல்ல.

தோலுக்கு போன தடவ ஸ்டேப்ளர், பின் எடுக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் சுருக்கு சுருக்குன்னு கண்ணுல தண்ணி வந்துச்சு. இந்த தடவ உள்ளயே கரையற தையல், பிரிக்கவே வேண்டியதில்ல, நைட்டி உரசினாலும் எரியல.

குறைன்னா பில்லு. மருந்துக்கடை கணக்கு தனி, முன்கூட்டியே சொல்லல. லிஃப்ட் சின்னது, கூட வந்த அம்மா ரெண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினாங்க. சாயங்கால ஓபிக்கு அஞ்சு மணிக்கெல்லாம் போயிடுங்க, பழைய ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ட மறக்காம எடுத்துட்டு.