வீட்டில் கார பஃப்ஸ்: ரெடிமேட் ஷீட்டா, முழு மடிப்பு மாவா, துருவிய வெண்ணெய் மாவா?

வீட்டில் கார பஃப்ஸ் செய்ய மூன்று வழிகள் உண்டு. உறைந்த நிலையில் கிடைக்கும் ரெடிமேட் ஷீட்டை வாங்கி, நறுக்கி, மசாலா வைத்து மூடி பேக் செய்வது முதல் வழி. மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து ஆறு முறை மடித்துத் தேய்க்கும் முழு மடிப்பு முறை இரண்டாவது. உறையவைத்த வெண்ணெயைத் துருவி மாவில் கலந்து நான்கே மடிப்பில் முடிப்பது மூன்றாவது. உள்ளே ஸ்டஃபிங் வைத்து மூடும் பஃப்ஸுக்கு எங்கள் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். சீஸ் ஸ்டிக், சுருள் மாதிரியானவற்றுக்கு ரெடிமேட் ஷீட்டே போதும். முழு மடிப்பில் போடும் உழைப்பு ஒரே ஒரு வகைப் பலகாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றிலும் மாவு பொங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். ஈஸ்ட், பேக்கிங் பவுடர் எதுவும் சேர்ப்பதில்லை. வெண்ணெயில் 80 முதல் 82 சதவீதம் கொழுப்பு, சுமார் 16 சதவீதம் நீர். அந்த நீரும் மாவிலுள்ள நீரும் சூட்டில் ஆவியாகும்போது கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. அந்த ஆவிதான் அடுக்கடுக்காக மாவைத் தூக்குகிறது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவிலிருக்கும் கொழுப்பு பார்த்துக்கொள்கிறது. எனவே ஓவனுக்குள் போகும் வரை வெண்ணெய் தனியாக, கெட்டியாக இருக்க வேண்டும். முன்னாலேயே உருகி மாவில் ஊறிவிட்டால் கிடைப்பது பஃப்ஸ் அல்ல, எண்ணெய் பிஸ்கட்.

ரெடிமேட் ஷீட்

இதன் பெரிய பலம், கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பது. கையால் தேய்க்கும் மாவில் ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் போவது சகஜம். ஷீட்டில் அந்தத் தொல்லை இல்லாததால் எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் வெந்து நிற்கும்.

ஷீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் உறை நீக்கும் விதம்தான். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைப்பது நல்லது. அவசரமென்றால் வெளியே 30 முதல் 40 நிமிடம். வெயில் காலத்தில் 20 நிமிடத்திலேயே எடுத்துப் பார்க்க வேண்டும். மடிப்பைப் பிரிக்கும்போது விரிசல் விட்டால் இன்னும் உறைந்திருக்கிறது. கையில் துவண்டு பிசுபிசுத்தால் நேரம் கடந்துவிட்டது, திரும்ப 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே நறுக்க வேண்டும். பிரிந்ததும் வளைந்து, ஆனால் தொட்டால் சில்லென்று இருப்பதுதான் பதம். மைக்ரோவேவில் உறை நீக்குவது வேண்டவே வேண்டாம். அது உள்ளே இருக்கும் கொழுப்பை அங்கங்கே உருக்கிவிடும், அந்த இடங்களில் மாவு எழும்பாது.

வாங்கும் முன் பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள். வெண்ணெயில் செய்தது ஒரு ரகம், பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பில் செய்தது இன்னொரு ரகம். இரண்டாவது கையாளச் சுலபம், நன்றாகவே எழும்பும், ஆனால் வாசனை குறைவு. அப்படிப்பட்ட ஷீட் என்றால் ஸ்டஃபிங்கில் மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைச் சற்றுத் தூக்கலாகப் போட வேண்டும்.

முழு மடிப்பு மாவு

அளவு: மைதா 250 கிராம், உப்பு 5 கிராம், மாவில் பிசைய வெண்ணெய் 30 கிராம், குளிர்ந்த நீர் 125 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. உள்ளே மடிக்க வெண்ணெய்ப் பாளம் 180 முதல் 200 கிராம். மாவை மூன்றாக மடித்துத் தேய்ப்பது ஒரு மடிப்பு. ஆறு மடிப்பு முடிந்தால் வெண்ணெய் அடுக்குகள் 729. இரண்டு மடிப்புக்கு ஒருமுறை 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் ஓய்வு என்று கணக்குப் போட்டால் அரை நாள் வேலை.

இதில் எல்லாம் தங்கியிருப்பது வெண்ணெயின் பதத்தில். மாவும் வெண்ணெய்ப் பாளமும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும், சுமார் 14 முதல் 16 டிகிரி. சோதிக்க ஒரு வழி: பாளத்தை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி மெல்ல அழுத்துங்கள். படக்கென்று உடைந்தால் இன்னும் இறுக்கம். அதை மடித்தால் மாவுக்குள் வெண்ணெய் சில்லுச் சில்லாக உடைந்து அடுக்கு அறுபடும். விரல் பதிந்து பளபளத்தால் இளகிவிட்டது, தேய்க்கும்போது ஓரமாகப் பிதுங்கும். உடையாமல் தொய்ந்து வளைந்தால் சரி. சமையலறையின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு மடிப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கு ஓட வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு, மேலே 30 கிராம் உருளைக்கிழங்கு வைத்து மூடினால் என்ன ஆகும்? ஸ்டஃபிங்கின் எடை அடிப்பக்கத்தை அமுக்கிவிடும். 729 அடுக்கு எழும்ப வேண்டிய உயரம் எழும்பாது. சாப்பிடுபவருக்கு நான்கு மடிப்பு மாவுக்கும் ஆறு மடிப்பு மாவுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் வெறும் கிண்ணமாக பேக் செய்து, பிறகு உள்ளே கிரேவி நிரப்பும் வோலோவான் வகைக்கு இந்த மாவு தவிர வேறெதுவும் நேராக, கோணாமல் உயரமாக எழும்பாது. முழு மடிப்பை அதற்காகவே ஒதுக்கி வையுங்கள்.

துருவிய வெண்ணெய் மாவு

மைதா 250 கிராம், உப்பில்லா வெண்ணெய் 200 கிராம், உப்பு 5 கிராம், ஐஸ் தண்ணீர் 110 முதல் 120 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. உப்பு வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் உப்பை 2 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பெரிய ஓட்டைத் துருவியில் துருவுங்கள். கையின் சூடு படாமலிருக்க கட்டியின் காகிதத்தைப் பாதி மட்டும் உரித்து, மீதியைப் பிடியாக வைத்துக்கொள்ளலாம். துருவத் துருவ மைதாவில் விழுந்து புரளட்டும். மொத்தமாகக் குவித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எல்லாத் துருவலிலும் மாவு படியும்படி கரண்டியால் புரட்டி, தண்ணீரை மூன்று தவணையாகத் தெளியுங்கள். பிசையக் கூடாது. அள்ளி அழுத்தினால் சேர்ந்து நிற்கும் அளவுக்கு வந்தால் போதும். உதிரி மாவு கொஞ்சம் ஓரத்தில் கிடந்தாலும் கவலையில்லை, மடிக்கும்போது சேர்ந்துவிடும்.

இதைச் செவ்வகமாகத் தட்டி 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு 15 × 40 செ.மீ. அளவுக்குத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். 90 டிகிரி திருப்பி மறுபடி தேய்த்து மடியுங்கள். 30 நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு மடிப்பு, கடைசியாக 30 நிமிடம். கைவேலை 25 நிமிடத்துக்குள் அடங்கிவிடும், மீதியெல்லாம் காத்திருப்பு.

முதல் மடிப்பில் மாவு பிய்ந்து, பார்க்கவே சகிக்காது. பலர் இங்கேதான் பயந்து கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஊற்ற வேண்டாம். மூன்றாவது மடிப்பில் தானாகவே வழவழப்பாகிவிடும். நான்காவது முடிந்ததும் ஓரத்தைக் கத்தியால் மெல்லியதாகச் சீவிப் பாருங்கள்: வெள்ளை மாவுக்கு நடுவே வெளிர் மஞ்சள் கோடுகள், சில நீளமாக, சில அறுந்து அறுந்து ஓட வேண்டும். கோடே தெரியாமல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தால் வெண்ணெய் உள்ளே கரைந்துவிட்டது. அதைப் பஃப்ஸாக்க முயலாமல், உப்பு பிஸ்கட்டாக வெட்டி சுட்டுவிடுவதே மேல்.

இந்த அளவை 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்தால் 10 செ.மீ. சதுரங்கள் 15 வரை வரும். நறுக்கியபின் மிஞ்சும் துண்டுகளை உருட்டிப் பிசையாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் அடுக்கு காப்பாற்றப்படும்.

கொழுப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. அடுக்கு மாவுக்கென்றே வரும் மார்ஜரின் வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகும், சூடான சமையலறையில் அதை வைத்து வேலை செய்வது சுலபம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகுவதால் வாயில் வைத்ததும் கரைகிறது. மார்ஜரின் சிலருக்கு அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் நிற்கும். ரொட்டியில் தடவும் டப்பா மார்ஜரின் மட்டும் கூடவே கூடாது, அதில் நீர் அதிகம், பதமும் இளக்கம்.

எந்த மாவானாலும் ஸ்டஃபிங் உலர்ந்திருக்க வேண்டும்

மாவைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வீட்டுப் பஃப்ஸ் அடியில் சொதசொதவென்று போவதற்குப் பெரும்பாலும் மாவு காரணமில்லை, ஸ்டஃபிங்கில் இருக்கும் ஈரம்தான். அந்த ஈரம் அடி மாவில் இறங்கிவிட்டால் அடுக்கு பிரியாமல் களியாகவே நிற்கும்.

உருளைக்கிழங்கு இருப்பதிலேயே பாதுகாப்பானது. 350 கிராம் கிழங்கைத் தோலுடன் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மசித்தால் நீராவி பறந்துவிடும். ஒரு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, பட்டாணி 50 கிராம், மசாலா, உப்பு சேர்த்து, மசித்ததைப் போட்டு வாணலியில் 4, 5 நிமிடம் கிளறி உலர்த்துங்கள். காளான் 250 கிராம் என்றால் பொடியாக நறுக்கி, அகலமான வாணலியில், பெரிய தீயில், மூடாமல். முதலில் தண்ணீர் விட்டு கொதிக்கும் சத்தம் வரும், அது அடங்கிப் பொரியும் சத்தம் கேட்ட பிறகே இறக்க வேண்டும். கீரையை வதக்கி ஆறவைத்து, துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். கோழிக் கொத்துக்கறியை முழுவதும் வேகவைத்து நீர் வற்றவிட்டே வைக்க வேண்டும், பஃப்ஸுக்குள் அது தனியாக வேகும் என்று விடக் கூடாது. தக்காளி சேர்ப்பதானால் எண்ணெய் பிரியும் வரை சுண்டட்டும்.

ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கரண்டி மசாலாவை டிஷ்யூ பேப்பரில் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். அதன் அடியில் மட்டும் லேசான கறை என்றால் சரி. சுற்றிலும் ஈரம் வளையமாகப் பரவினால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். முழுவதும் ஆறியபின்தான் மாவில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பே போதும் வெண்ணெயை இளக்க.

10 செ.மீ. சதுரத்துக்கு 30 கிராம் போதும். அரை முட்டை வைப்பதானால் சதுரம் 12 செ.மீ. இருக்கட்டும். ஓரத்தில் ஒரு செ.மீ. விட்டு, தண்ணீர் தொட்டு ஒட்டி, முள்கரண்டியால் அழுத்துங்கள். மேலே கத்தி நுனியால் இரண்டு சிறு கீறல் போட்டால் ஆவி அங்கே போகும், இல்லாவிட்டால் ஒட்டு பிரிந்து மசாலா வெளியே வரும். நறுக்க மொட்டைக் கத்தி வேண்டாம், ஓர அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். மேலே தடவும் முட்டையும் (ஒரு மஞ்சள் கருவுக்கு ஒரு தேக்கரண்டி பால்) நறுக்கிய ஓரத்தில் வழியக் கூடாது. அது பசைபோல் அடுக்குகளைப் பிடித்துக்கொண்டு, பஃப்ஸ் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து எழும்பும். முட்டை வேண்டாமென்றால் பால் தடவலாம், பளபளப்பு குறையும், அவ்வளவுதான்.

ஓவனா, ஏர் ஃப்ரையரா?

வடிவம் தயாரானதும் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டுக்கும் இது பொது. ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, முதல் 10 நிமிடம் அந்தச் சூட்டிலும், பிறகு 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடமும் சுட வேண்டும். ஃபேன் உள்ள ஓவனில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். தொடக்கச் சூடு போதாவிட்டால் ஆவி பிறக்கும் முன்பே வெண்ணெய் உருகி ட்ரேயில் குளமாக நிற்கும். இந்தத் தவறுக்குப் பலரும் வெண்ணெய் அதிகம் போட்டதைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் குற்றவாளி சூடாகாத ஓவன். கனமான ட்ரே ஒன்றை உள்ளேயே சூடாக்கி, பட்டர் பேப்பரோடு பஃப்ஸை அதன் மேல் நகர்த்தினால் அடி மொறுமொறுப்பாகும். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம்.

ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். நான்கைந்து பஃப்ஸுக்கு இது வேகமான வழி. ஆனால் காற்று மேலிருந்து அடிப்பதால் மேல்புறம் எட்டே நிமிடத்தில் சிவந்து, வெந்துவிட்டதாக ஏமாற்றும். உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும். 9, 10 நிமிடத்தில் புரட்டிப் போட்டு, அடியும் சிவந்த பிறகே எடுக்க வேண்டும். ஒட்டாமல் சும்மா மடித்த ஓரங்களைக் காற்று தூக்கிப் பிரித்துவிடும், அதனால் இதில் நன்றாக அழுத்தி மூடிய வடிவங்களே நிற்கும். 15 துண்டையும் ஒரே தடவையில் பேக் செய்ய வேண்டுமென்றால் ஓவன்தான்.

மிச்சத்தைப் பச்சையாகவே, வடிவம் செய்த நிலையில், இடைவெளி விட்டு உறையவைத்து, இறுகிய பின் பையில் போட்டு ஒரு மாதம் வரை ஃப்ரீசரில் வைக்கலாம். உறைந்த ஷீட்டில் செய்ததையும் அது ஃப்ரிட்ஜில் உறை நீங்கி, வேலை முழுக்கச் சில்லென்றே இருந்திருந்தால் மட்டும் இப்படி மறுபடி உறையவைக்கலாம். கொஞ்சம் மொறுமொறுப்பு குறையும். பேக் செய்யும்போது உறை நீக்காமல் நேராக ஓவனுக்குள் வைத்து 5 முதல் 8 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். சுட்டு ஆறிப்போனதை மைக்ரோவேவில் சூடாக்கினால் துவண்டுவிடும், 180 டிகிரி ஓவனில் 6, 7 நிமிடம் போதும், அடுக்கு மறுபடி உதிரும்.