பழைய போர் ஜெட் பார்க்க ஹெச்.ஏ.எல். போதுமா, டில்லி போகணுமா?

2025 செப்டம்பரில் மிக்-21க்கு விடை கொடுத்ததிலிருந்து அண்ணன் மகனுக்குப் போர் விமானப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இருக்கிற எங்களுக்கு, விமானம் தயாரிக்கும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகம் கூப்பிடு தூரம். டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு டில்லி போனபோது, பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டோம். என் ஓட்டு ஹெச்.ஏ.எல்.லுக்குத்தான்.

கஸ்தூரிபா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் ஒரு மாருத், அதாவது ஹெச்.ஏ.எல். தயாரித்த பழைய போர் ஜெட், நிற்கிறது. கப்பன் பார்க் போகிற சாக்கில் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அங்கே கூட்டம் வருவது புது விமானங்களுக்கு.

எண்ணிக்கை என்று பார்த்தால் பாலத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1948-ல் வந்த நம் முதல் ஜெட் வாம்பயர், தூஃபானி, மிஸ்டேர், ஹன்டர், நாட், சுகோய்-7. மிஸ்டேர் முன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கப் போனபோது, தன்னுடையதைவிடப் பல மடங்கு நவீனமான பாகிஸ்தான் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை இந்த ரக விமானத்தை வைத்தே வீழ்த்தி, அங்கேயே உயிரை விட்டார் குடகுக்காரர் தேவய்யா. மகாவீர் சக்கரம் வர 1988 ஆயிற்று. பல விமானங்கள் கூரைக்குக் கீழே இருப்பதும் பாலத்துக்குக் கூடுதல் பலம். ஹெச்.ஏ.எல்.லில் பெரும்பாலும் திறந்தவெளி. மழை வெயிலுக்குத் தாங்கப் பூசிய பெயின்ட் ரிவெட் தலைகளை மொழுகி வைத்திருக்கிறது.

அப்புறம் ஏன் ஹெச்.ஏ.எல்.? எஞ்சினுக்காக. பாலத்தில் விமானம் வெளிக்கூடாகத்தான் கண்ணில் படும். இங்கே எஞ்சினுக்கென்றே தனி அரங்கு உண்டு. மாருத்துக்குள் இருக்கும் ஆர்ஃபியஸ் எஞ்சினை அங்கே பார்த்துவிட்டு வெளியே வந்து மாருத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் வாய்கள்.

"ரெண்டு எஞ்சின் இருந்தும் ஏன் சித்தப்பா வேகமா போகலை?" என்றான் பையன். அங்கேயே கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. குட்டி விமானமான நாட் வெறும் எடையில் சுமார் 2.2 டன், அதன் ஒரே ஆர்ஃபியஸ் தள்ளுவது சுமார் 2.1 டன். மாருத் 6.2 டன், இரண்டு ஆர்ஃபியஸும் சேர்ந்து 4.4 டன்தான். ஜெர்மானியர் குர்ட் டேங்க் அதை வடிவமைத்தது ஒலியைவிட இரு மடங்கு வேகத்துக்கு. அதற்கென நினைத்திருந்த ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருள் எரித்துக் கூடுதலாகத் தள்ளும் அமைப்பு) வைத்த ஆர்ஃபியஸுக்கு பிரிட்டன் பணம் போடவில்லை, நாமும் போடவில்லை. 1961-ல் பறக்கத் தொடங்கிய மாருத், ஒலி வேகத்தையே முக்கி முனகித்தான் தொட்டது. குற்றம் உடலில் இல்லை, உள்ளே வைத்ததில்தான் என்பது பத்து வயதுப் பையனுக்கே புரிந்துபோனது.

பாலத்துக்கு நான் போனது குளிரில். மே மாத டில்லி வெயிலுக்கு நான் உத்தரவாதம் இல்லை. ஹெச்.ஏ.எல்.லுக்கு மதிய வெயிலில் போகாதீர்கள், தகரம் தொட முடியாமல் கொதிக்கும். டில்லியில் வேறு வேலை இருந்தால் பாலத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், திங்கள், செவ்வாய் தவிர்த்து. இதற்காகவே டிக்கெட் போட வேண்டாம்.