பாஸ்டனா, கியூபெக்கா?

1775 ஏப்ரல் 19 அன்று, பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது; ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கர்கள் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டார்கள்: ஆங்கிலேயர் படை இருந்த பாஸ்டனைச் சுற்றி வளைத்துக் காத்திருப்பது, கனடாவுக்குள் புகுந்து கியூபெக்கைப் பிடிப்பது. என்னைக் கேட்டால் முதல் வழிதான் சரி.

வரைபடத்தில் பார்த்தால் கியூபெக்தான் ஆசை காட்டும். அங்கே ஆங்கிலேயர் படை குறைவு. ஆனால் போன பாதை? செப்டம்பரில் அமெரிக்கப் படை அதிகாரி பெனடிக்ட் ஆர்னால்டு சுமார் 1,100 பேருடன் மெயின் பகுதிக் காடுகள் வழியாகக் கிளம்பினார். படகுகளை அவசரத்தில் ஈரம் காயாத பலகையில் செய்திருந்தார்கள். ஒழுகாமல் என்ன செய்யும்? உணவும் வெடிமருந்தும் நனைந்து வீணாயின. பசி தாங்காமல் கூட வந்த நாயைத் தின்றார்கள், செருப்புத் தோலை வேகவைத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 600 பேர். கனடாவின் மாண்ட்ரியல் நகரைப் பிடித்துவிட்டு, இன்னொரு அமெரிக்கத் தளபதி மாண்ட்கோமரியும் வந்து சேர்ந்தார். பலருடைய சேவைக்காலம் ஆண்டோடு முடிகிறது. அதனால் டிசம்பர் 31 அன்று பனிப்புயலிலேயே தாக்கினார்கள். மாண்ட்கோமரி இறந்தார், ஆர்னால்டுக்குக் காலில் குண்டு, ஏறத்தாழ 400 பேர் சிறைப்பட்டார்கள்.

பாஸ்டனில் இவ்வளவு பரபரப்பு இல்லை. ஜூனில் நடந்த பங்கர் ஹில் சண்டையில் ஆங்கிலேயருக்கு 1,000க்கும் மேல் உயிரிழப்பும் காயமும், மற்றபடி காத்திருப்புதான். அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டனிடம் வெடிமருந்தே போதவில்லை. அப்புறம் அவருடைய அதிகாரி ஹென்றி நாக்ஸ், டைகாண்டரோகா கோட்டையிலிருந்து சுமார் 60 பீரங்கிகளை மாடு பூட்டிய சறுக்குவண்டிகளில் பனிமேல் இழுத்துவந்தார். பாஸ்டனைப் பார்த்தபடி இருக்கும் டார்செஸ்டர் மேட்டில் பீரங்கிகள் ஏறியதும், 1776 மார்ச் 17 அன்று ஆங்கிலேயர் கப்பலேறிவிட்டார்கள். அந்த டைகாண்டரோகா கோட்டையை 1775 மே மாதம் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர்களில் ஆர்னால்டும் ஒருவர்.