கிரேனை உடைத்தது அவர்கள், வாடகை குறைந்தது நமக்கு

சொந்தக் கிரேன் உள்ள கப்பலை டைம் சார்ட்டரில் (குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு) விடுபவர்களும், அதில் வேலை பார்க்கும் கேப்டன், சீஃப் ஆபீசர் நண்பர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். விவகாரம் முடியாததால் சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) பெயரைப் போடவில்லை.

நான் சூப்பரின்டென்டன்டாகப் பார்த்துவரும் கப்பல், சிமென்ட் அரைக்கும் கிளிங்கரோடு வங்கதேசத்தின் சட்டோகிராம் வெளி நங்கூரத்தில் நின்றது. பெரிய கப்பல் முழு பாரத்தோடு கர்ணபுலி ஆற்றுக்குள் போக முடியாது. நம் கிரேனால்தான் லைட்டர்களில் (கரைக்குச் சரக்கு கொண்டுபோகும் சிறு கப்பல்களில்) இறக்க வேண்டும். கிரேனை ஓட்டும் வின்ச்மேன்கள் கரையிலிருந்து வந்தவர்கள், சார்ட்டரர் ஏற்பாடு. ஹோல்டின் மூலையில் கிடந்த சரக்கை எட்ட, கிரேன் கம்பியில் தொங்கும் அள்ளுவாளியான கிராப்பைச் சாய்த்துப் போட்டு இழுத்திருக்கிறார்கள். கம்பி தளர்ந்து, டிரம்மின் காடியை விட்டு ஏறி, அடுத்த சுற்று அதன் மேலேயே விழுந்து நசுக்கிவிட்டது. சீஃப் ஆபீசர் கிரேன் கேபினுக்கு ஏறிப் பார்த்தால், லிமிட் பைபாஸ் (பாதுகாப்பு எல்லையைத் தாண்ட விடும்) பொத்தான் வெளியே வராதபடி ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள்!

சார்ட்டரரின் ஏஜென்ட் வந்து, “கடிதமெல்லாம் எதற்கு கேப்டன் சார், கிளம்புவதற்குள் நாங்களே சரிசெய்து தருகிறோம்” என்று குழைந்தார். கேப்டன் அசரவில்லை, அன்று இரவே சார்ட்டரருக்குச் சேத நோட்டீஸ் போனது. கரை ஆட்களின் ஃபோர்மேன் டேமேஜ் ரிப்போர்ட்டில் ‘பெற்றுக்கொண்டதற்கு மட்டும்’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பார்த்தால், அடுத்த ஹயரில் (வாடகையில்) அந்தக் கிரேன் நின்ற நேரத்துக்கு ஆஃப்-ஹயர் (வாடகை கிடையாது) என்று சார்ட்டரர் தரப்பு பணத்தைப் பிடித்துவிட்டது. கேட்டால், கம்பி பழசாம், நம் பராமரிப்பு சரியில்லையாம்.

டைம் சார்ட்டருக்கான என்.ஒய்.பி.இ. 1993 ஒப்பந்தப் படிவத்தின் 35ஆம் பிரிவு, ஸ்டீவடோர் (சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்கள்) செய்யும் சேதத்துக்குச் சார்ட்டரரே பொறுப்பு என்கிறது. ஆனால் சேதம் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் விவரமாக எழுதிக் கொடுத்து, சர்வேயரை நியமிக்கவும் அழைத்திருக்க வேண்டும். ஒரு பயணத்துக்கு வாடகைக்கு விடும் ஜென்கான் 1994 படிவத்தில் மணிக்கணக்கு இல்லை, ‘முடிந்தவரை விரைவில்’ என்பதோடு சரி. ஆபத்து ரைடரில்தான் (படிவத்தோடு சேர்க்கும் கூடுதல் பிரிவுகளில்). அங்கே 48ஐ 24 ஆக்கி, ‘தெரியவந்த’ என்பதை ‘நடந்த’ என்று மாற்றி, ஸ்டீவடோர் கையெழுத்து இல்லாவிட்டால் பொறுப்பே இல்லை என்று நுழைத்துவிடுவார்கள். எந்த ஃபோர்மேன் தன் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவான்? ‘கையெழுத்துப் பெற கேப்டன் முயல வேண்டும்’ என்று திருத்தச் சொல்லுங்கள், மறுத்தால் ஃபிக்ஸ் பண்ணாதீர்கள் (ஒப்பந்தத்தை முடிக்காதீர்கள்).

எங்களைக் காப்பாற்றியது அந்தத் தீக்குச்சிப் போட்டோவும் கிரேன் ரெஜிஸ்டரும். துறைமுக வேலைப் பாதுகாப்புக்கான ஐ.எல்.ஓ. 152 உடன்படிக்கை கேட்கும் வருடாந்தர முழுப் பரிசோதனை, ஐந்தாண்டு லோட் டெஸ்ட், கம்பிச் சான்றிதழ், கிரீஸ் போட்ட தேதி எல்லாம் கைவசம் இருந்தன. 2026 ஜனவரி 1 முதல் சோலாஸிலும் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) கிரேன்களுக்குத் தனி விதி வந்துவிட்டது, இனி அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வாதாடவே முடியாது. இன்சூரன்ஸை நம்பாதீர்கள். சொந்தக் கப்பலின் சேதத்தை பி அண்ட் ஐ (மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான காப்பீடு) தொடாது, கப்பலுக்கான ஹல் பாலிசியில் இந்த அளவுத் தொகை டிடக்டபிளுக்குள்ளேயே (நாமே ஏற்க வேண்டிய தொகைக்குள்ளேயே) அடங்கிவிடும். வக்கீல் செலவுக்கு எஃப்.டி.டி. என்ற வழக்குச் செலவுக் காப்பீடு இருந்ததால் துணிந்து இறங்கினோம்.

பிடித்த ஹயரைத் திருப்பிவிட்டார்கள். புதுக் கம்பிக்கும் டிரம் வேலைக்கும் ஆன பணத்துக்கு லண்டன் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) நோட்டீஸ் போயிருக்கிறது.