தெருவில் நிற்கும் கருநீலக் கார்: மூன்று வருடப் பெயிண்ட் அனுபவம்

2022 ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டி எடுத்தோம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. மூன்று வருடமாகத் தெருவில்தான் நிற்கிறது. காலையில் பானெட்டில் விரலை வைத்து இழுத்தால் விரல் நுனி கறுத்துவிடும். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, கரித்தூள், கடல் காற்றின் உப்புப் பிசுபிசுப்பு எல்லாம் சேர்ந்த அழுக்கு அது. வெறும் தூசி மாதிரி தட்டினால் போகாது.

டெலிவரியின்போது ஷோரூமில் ஒரு கோட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அதன் பளபளப்பு போய்விட்டது. ஆனால் பெயிண்டைக் கெடுத்தது அது இல்லை. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். எல்லாமே துடைத்ததால் வந்தவை.

எங்கள் தெருவில் காலையில் ஓர் அண்ணன்தான் எல்லார் வண்டியையும் துடைப்பார். காய்ந்த துணியால் ஒரு தட்டு, அப்புறம் ஒரே பக்கெட் தண்ணீரில் நான்கு வண்டி. "அண்ணே, துணி வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திடுங்க" என்றேன். "தண்ணிக்கு எங்க தம்பி போறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீரும் துணிகளும் நான் எடுத்து வைக்கிறேன், அவர் கழுவுகிறார். ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்று துணியை அலச. முதலில் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விடுவோம். கூரையில் ஆரம்பித்து, கதவின் அடிப்பகுதியைக் கடைசியில். முதல் நாள் கழுவி முடித்ததும் அலசிய பக்கெட்டை அவரிடம் காட்டினேன். அடியில் கறுப்பு மணல் ஒரு கைப்பிடிக்கு இருந்தது. "இதையா இத்தனை நாள் தேய்ச்சோம்!" என்றார். அதற்கப்புறம் மற்ற வண்டிகளையும் அவர் காய்ந்த துணியால் தொடுவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் தப்பு செய்தது நான். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று அதைப் பிடித்துக் கழுவினேன். அதில் உப்பு இன்னும் அதிகம். இரண்டே வாரத்தில் கதவுகளில் வெள்ளைப் புள்ளிகள். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் துணியால் ஒற்றி எடுத்து, உடனே அலசினேன். பாதிதான் போனது. போர் தண்ணீரிலும் இதே தொல்லைதான். இப்போது மெட்ரோ தண்ணீரில் கழுவி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இரவில் பிடித்து வைத்துக் கடைசியாக அதை ஊற்றுகிறோம். அதில் உப்பு இல்லாததால் காய்ந்தாலும் கறை விழாது. வெயில் ஏறும் முன் வேலை முடிந்துவிட வேண்டும்.

காக்கா எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து அப்படியே தூக்கினால் வந்துவிடும். மே மாத வெயிலில் மதியம் வரை விட்டால் தழும்பு விழும். பூஜைக்கு வைக்கும் மஞ்சளும் குங்குமமும் அப்படித்தான், அன்றே கழுவிவிடுவது நல்லது.

இரண்டாம் வருடம் மெஷின் பாலிஷ் செய்து, பெயிண்ட் மேல் திரவமாகப் பூசிக் காயவிடும் செராமிக் கோட்டிங் போட்டேன். பிடித்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினாலே பாதி அழுக்கு வழிந்து போகிறது, கழுவும் நேரம் குறைந்துவிட்டது. ஆனால் கல் பட்டால் அது தாங்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரிக்குப் பின்னால் போய் முன் பம்பரில் நான்கு இடத்தில் பெயிண்ட் தெறித்தது. கல்லடிக்குப் பிபிஎஃப் என்னும், பெயிண்ட் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம்தான் சரி. அது 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) தடிமன், செராமிக்கோ ஓரிரு மைக்ரான்தான். வண்டி முழுக்க ஃபிலிம் ஒட்டுவது என் கைக்கு அடங்காது. பம்பருக்கும் கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கும் மட்டும் ஒட்டினேன். புது வண்டி எடுப்பவர்கள் முதல் மாதமே இதைச் செய்துவிடுங்கள்.

கவர் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மழைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அழுக்கு வண்டி மேலேயே கவரைப் போட்டுக் கட்டினேன். ராத்திரி முழுக்கக் காற்றில் கவர் படபடவென்று அடித்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பின்பக்கக் கூரை ஓரத்திலும் இடது கண்ணாடிக்குக் கீழேயும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கல். கவருக்கு உள்ளே இருந்த தூசியே தேய்த்துவிட்டது. இப்போது கழுவிக் காய்ந்த வண்டிக்கு மட்டும்தான் கவர்.

அந்த மங்கலைப் பாலிஷ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்று கோட்டிங் போட்ட பையன் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். பெயிண்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் பொதுவாக 50 மைக்ரானுக்குள்தான், ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் தேய்ந்து போகும். ஒரு முறை போட்டாயிற்று. பத்து வருடமாவது வைத்திருக்கப்போகும் வண்டி, அந்த இரண்டு மங்கலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.