கடல் கண்ணாடியில் ஓட்டை போட ஒரு குட்டி ட்ரில்: எட்டு மாத அனுபவம்

கடற்கரையில் பொறுக்கிய கண்ணாடித் துண்டுகளைக் கோத்து எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கும் சரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் முதலில் கேட்பது, "இதுல எப்படி ஓட்டை போட்டீங்க?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், எட்டு மாதமாக நான் வைத்திருக்கும் குட்டி ட்ரில்லைப் பற்றியும் அதற்கு வாங்கிய வைர முனைகளைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ட்ரில் பேனாவை விடக் கொஞ்சம் தடிமன், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். ஆன்லைனில் 1,150 ரூபாய். வைரத்தூள் பூசிய முனைகள் தனி. பத்து கொண்ட பாக்கெட் 280 ரூபாய். இதே உருவம் பல பெயர்களில் விற்கிறது, அதனால் பெயரைத் தேட வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய முனையையும் ஆடாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் 12 வோல்ட்தானா என்பதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் கண்ணாடியைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் துளைக்க வேண்டும். வீட்டு 230 வோல்ட்டில் நேராக ஓடும் பெரிய ட்ரில்லைத் தண்ணீர்த் தட்டின் மேல் பிடிக்கவே கூடாது. குட்டி ட்ரில்லாக இருந்தாலும் அடாப்டர் தண்ணீருக்குத் தள்ளியே இருக்கட்டும்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்கிறேன். என் தாத்தா கடலூர் முதுநகரில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு கொட்டகை, கையால் சுற்றும் மெஷின், கேஸ் சிலிண்டர், அடுக்கடுக்காகக் கோலி சோடா பாட்டில். உள்ளே அடைத்த கேஸே கோலியை மேலே தள்ளி, வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு அழுத்தி நிறுத்தும். தனி மூடி கிடையாது. லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கனமான கண்ணாடி, கண்ணாடி செய்யும் மணலில் இருக்கும் இரும்பால் வரும் இளம்பச்சை. கம்பெனி மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதே பச்சை எனக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிடைக்கிறது. மழைக்காலம் ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் காலையில் நடந்தால், கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கமாகக் கிளிஞ்சலோடு கிளிஞ்சலாகக் கிடக்கும். அலையும் மணலும் உரசி விளிம்பு மழுங்கி, உப்புத்தண்ணீர் மேல்தோலை மெல்ல அரித்து, பனி படிந்த மாதிரி ஆகிவிட்ட துண்டுகள். அப்படி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "இது நம்ம பாட்டில்தான்டி" என்பார். நம்முடையதா, வேறு யாருடையதா என்று சொல்ல வழியில்லை. ஆனால் அந்தக் கனமும் நிறமும் அதேதான்.

முன்பெல்லாம் கம்பி சுற்றித் தொங்கவிட்டேன். கம்பி பாதிக் கண்ணாடியை மறைத்துவிடும். வெளிச்சம் முழுசாகப் போக வேண்டும் என்றால் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதில் தூண்டில் நரம்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

துளைக்கிற விதம் இது. தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதன் அடியில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். முனையை நேராக வைத்தால் வழுக்கி ஓடிக் கீறல் போட்டுவிடும். முதலில் சாய்த்துப் பிடியுங்கள். பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்துங்கள். அழுத்தவே வேண்டாம், ட்ரில்லின் கனம் போதும். நன்றாக அறுக்கும்போது மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். கீச்சென்று கத்தினால் சூடேறுகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை முனையைத் தூக்கினால் குழிக்குள் தண்ணீர் போகும், கண்ணாடித் தூள் பால் மாதிரி வெளியே வரும். பாதி ஆழம் போனதும் துண்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். ஒரே பக்கமாகப் போனால் கடைசி நொடியில் அடியில் சில்லு பெயர்ந்துவிடும். முதல் வாரத்தில் ஐந்து நல்ல துண்டுகளை இப்படித்தான் இழந்தேன். 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு இப்போது ஆறேழு நிமிடம் ஆகிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். அந்தப் பால் தண்ணீரைக் காயவும் விடாதீர்கள், காய்ந்தால் தூள் பறந்து மூச்சில் போகும்.

முனைகளின் தரம் ஒரே மாதிரி இல்லை. பத்தில் மூன்று முதல் ஓட்டையிலேயே மொட்டையாகிவிட்டன. மீதியில் 2 மில்லிமீட்டர் முனை ஒன்று 22 ஓட்டை போட்டது. 1 மில்லிமீட்டர் முனை வளைகிறது, கண்ணாடிக்கு அதை வாங்காதீர்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டுமானால் உள்ளே குழாய் மாதிரி இருக்கும் முனையே நல்லது; அது வட்டத்தை மட்டும் அறுப்பதால் வேலை குறைவு. கிளிஞ்சலுக்கு இந்த முனைகள் எல்லாமே தாராளம், ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். அதையும் தண்ணீரில் வைத்தே துளையுங்கள், கிளிஞ்சல் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. பவளத் துண்டு கண்ணில் பட்டால் நான் எடுப்பதில்லை. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, கடலிலேயே இருக்கட்டும்.

ட்ரில் மூன்றாவது மாதம் நின்றது. விற்றவருக்கு நான்கு தடவை எழுதினேன், பதில் இல்லை. மஞ்சக்குப்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, "அடாப்டர்தான் போச்சுக்கா, மோட்டார் நல்லா இருக்கு" என்றார். 180 ரூபாய்க்கு வேறு அடாப்டர் போட்டுக் கொடுத்தார், இன்றுவரை ஓடுகிறது. அங்கே இன்னொன்றும் கிடைத்தது: எரிந்த மோட்டார்களிலிருந்து பிரித்த செம்புக் கம்பி. பழுப்பும் சிவப்புமாக அவ்வளவு அழகு. மேலே வார்னிஷ் பூச்சு இருப்பதால் கடல் காற்றில் சீக்கிரம் பச்சை பிடிக்காது. கொக்கிகளெல்லாம் இப்போது அதில்தான் செய்கிறேன். கனமான சரங்களுக்குப் பழைய பித்தளைக் கொக்கி வேண்டியிருந்தால், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வருவேன்.

சரத்தைத் தாங்கும் சட்டம் தாத்தாவின் சோடாப் பெட்டிப் பலகை. பரணில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. அதன் பச்சைப் பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூளாகி வீடெல்லாம் பரவும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலே வார்னிஷ் அடித்தேன், நிறமும் பிழைத்தது. கரையில் ஒதுங்கிய கட்டையில் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். உப்பு உள்ளே தங்கிவிட்டால் ஐப்பசியில் கட்டை வியர்க்கும். பசைத் துப்பாக்கியை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகி, ஒட்டியிருந்த மூன்று துண்டும் தரையில் கிடந்தன. ஓட்டையும் நரம்பும்தான் நிற்கிறது.

இந்தத் தை மாதம் பாட்டிலின் கழுத்துப் பகுதி முழுசாகக் கிடைத்தது. கோலி உள்ளே விழாமல் தாங்கும் அந்த இடுக்கு அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திய மாதிரி. அதற்கு ட்ரில்லே வேண்டியிருக்கவில்லை, நரம்பு வாய் வழியாகவே போய்விட்டது. அம்மா அந்த இடுக்கை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே போய்த் தையல் டப்பாவிலிருந்து ஒரு கோலியைக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனிக் கோலி. "இதுலயும் ஓட்டை போடுவியா?"

இந்த ட்ரில்லுக்கு நான் வைத்த பெரிய சோதனை அதுதான். செருப்பு ரப்பரில் கோலி அளவுக்குக் குழி வெட்டி, அதில் உட்கார வைத்து, இரண்டு பக்கமுமாக ஐம்பது நிமிடம் துளைத்தேன். ஒரு முனை முழுசாகத் தேய்ந்தது, மோட்டார் கை பொறுக்கும் அளவுக்கு மேல் சூடாகவில்லை. இரண்டு துளையும் நடுவில் நூலிழை விலகித்தான் சந்தித்தன, ஆனாலும் நரம்பு நுழைந்தது. இப்போது கழுத்துக்குக் கீழே கோலி தொங்குகிறது, காற்று வந்தால் இடித்துக்கொள்ளும்.

விலைக்கு ட்ரில் தகும், முனைகள் மட்டும் இரண்டு பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். நானும் நேற்று இன்னொரு பாக்கெட் ஆர்டர் போட்டேன். அம்மாவின் டப்பாவில் இன்னும் நாலு கோலி இருக்கிறது.